கொல்லிமலை மூலிகையும் கணையத் திட்டுகளும்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. சித்தர்கள் வாழ்ந்ததாக மக்கள் நம்பும் மலை. அந்த நம்பிக்கையையே முதலாக்கி, 'கொல்லிமலை மூலிகை' என்ற பெயரில் சர்க்கரை நோய்க்குப் பொடியும் லேகியமும் விற்போர் பலர். அம்மலையில் விளையும் சாமையும் தினையும் நல்ல உணவுகளே. ஆனால் உணவு வேறு, மருந்து வேறு. இன்சுலின் ஊசியால் உயிர் வாழும் பிள்ளையின் பெற்றோர் இவ்வேறுபாட்டை மறந்தால், இழப்பது பிள்ளையின் உயிரையே.

காரணம் இதுதான். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்தில் சிறு சிறு திட்டுகளாகச் செல்கள் இருப்பதை, ஜெர்மானிய மருத்துவ மாணவரான பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் கண்டறிந்தார். இன்சுலினைச் சுரப்பவை அத்திட்டுகளில் உள்ள பீட்டா செல்களே. முதல் வகை நீரிழிவில், உடலின் எதிர்ப்பாற்றலே வழி தவறி அச்செல்களை அழித்துவிடுகிறது. அழிந்த செல்லை எந்த மூலிகையும் மீட்டுத் தந்ததாகச் சான்று இல்லை. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகையோ வேறு. அதற்கு உணவுக் கட்டுப்பாடும், உடலுழைப்பும், மாத்திரையும் பெரிதும் உதவும்.

அழிந்த செல்லுக்கு ஈடாகப் பிறர் செல்லைப் பொருத்தலாமா? 1966-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கெல்லி, லில்லஹை என்னும் அறுவை மருத்துவர்கள் முதன்முதலாகக் கணையத்தைப் பொருத்தினர். பெரும்பாலும் சிறுநீரகமும் பழுதடைந்தவர்க்கே, இரு உறுப்புகளையும் சேர்த்து இச்சிகிச்சை செய்யப்படுகிறது. சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் இது நடைபெற்றுள்ளது.

திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்துச் செலுத்துவது மற்றொரு முறை. கல்லீரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய் வழியே அவற்றைச் செலுத்தினால், அவை கல்லீரலில் தங்கி இன்சுலின் சுரக்கின்றன. கனடாவின் எட்மன்டன் நகரில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 7 பேரும் ஊசியிலிருந்து விடுபட்டதாக 2000-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆயினும் அங்கு சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் ஐந்தாண்டுகளுக்குள் மீண்டும் இன்சுலினை நாட நேர்ந்தது. 2023-இல் அமெரிக்க அரசு அனுமதித்த திட்டுச் சிகிச்சையின் ஆய்வில், 30 பேரில் 21 பேர் ஓராண்டோ அதற்கு மேலோ ஊசியின்றி வாழ்ந்தனர். 5 பேருக்கு ஒரு நாள்கூட அது வாய்க்கவில்லை. மூலச் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டின் நிறைவில் ஊசியின்றி இருந்ததாக 2025-இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

நம்பிக்கை தரும் செய்திகளே. எனினும் விலை உண்டு. பொருத்திய செல்லை உடல் ஏற்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து உண்ண வேண்டும். அம்மருந்தால் தொற்று நோய், புற்றுநோய், சிறுநீரகக் கேடு ஆகியவற்றுக்கு வாய்ப்பு மிகும். ஆகவே, சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து அடிக்கடி மயங்கி விழுவோர் போன்ற சிலருக்கே இது பொருந்தும். ஊசியால் நலமாக இருக்கும் பிள்ளைக்கு ஊசியே சிறந்தது.

மேலும், ஒரு நோயாளிக்கே சில வேளைகளில் இரண்டு, மூன்று பேரின் கணையங்கள் தேவைப்படும். கொடையாளர் யார்? 1994-ஆம் ஆண்டின் சட்டம் மூளைச்சாவை ஏற்று, உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியது. தமிழகத்தில் 2008 முதல் இக்கொடை அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு நடைபெறுகிறது. மார்க்க நிலையையும் அறிவது நலம். இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி, மூளை மீள வழியின்றி முற்றிலும் செயலிழந்ததை மருத்துவ வல்லுநர்கள் உறுதி செய்தால் அது மரணமே என 1986-இல் முடிவு செய்தது. இறந்தவர் முன்பே தந்த இசைவுடனோ வாரிசுகளின் இசைவுடனோ, விலையின்றி, உயிர் காக்க உறுப்பை எடுக்கலாம் என 1988-இல் கூறியது. நம் நாட்டு உலமாக்களில் மாற்றுக் கருத்துடையோரும் உளர். துயர வேளையில் மருத்துவமனை வாசலில் தடுமாறுவதைவிட, நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் இப்போதே கேட்டு, வீட்டாருடன் பேசி வைப்பது அறிவுடைமை.

பெற்றோர்களே! நோய்க்கு மருந்து தேடுவது நபிவழி. யார் எம்மலையின் பெயரைச் சொல்லி எதை விற்றாலும், மருத்துவர் சொல்லாமல் பிள்ளையின் இன்சுலினை நிறுத்தாதீர்கள். இன்சுலின் அடியோடு நின்றால், முதல் வகை நோயாளியின் உயிர் சில நாட்களிலேயே ஆபத்துக்குள்ளாகும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே கிடைக்கிறது. வல்ல இறைவன் நம் மக்களுக்கு நலம் அருள்வானாக!