காருக்குள் பெய்த மழை

வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்த ஐப்பசிக் காலைப்பொழுது ஒன்றில் காரின் கதவைத் திறந்தேன். ஓட்டுநருக்கு அடுத்த இருக்கையின்முன் இருந்த மிதியடி நீரில் ஊறிக் கிடந்தது. கண்ணாடிகள் நான்கும் முழுமையாக ஏற்றப்பட்டிருந்தன. பணிமனையில் கதவின் ரப்பர் பட்டையை மாற்றினார்கள்; கட்டணம் பெற்றார்கள். அடுத்த மழையிலும் நீர் புகுந்தது. இரண்டாம் முறை முன்கண்ணாடியின் ஓரங்களில் பசை பூசினார்கள், அதற்கும் கட்டணம். மூன்றாவது மழையிலும் மிதியடி நனைந்தது.

இறுதியில், தெருமுனையில் சிறு பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் சென்றேன். அவர் எதையும் மாற்றவில்லை. பானெட்டைத் திறந்து, வைப்பர்களின் கீழுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு கையளவு வேப்பஞ்சருகு மட்கிக் கிடந்தது. நான் நாள்தோறும் காரை நிறுத்துவது வேப்பமர நிழலில்தான்.

முன்கண்ணாடியில் வழியும் மழைநீர் அந்த மூடிக்கு அடியிலுள்ள பள்ளத்தில் சேர்ந்து, ஓரத் துளைகள் வழியாகத் தரைக்கு வடிய வேண்டும். காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் திறப்பும் அங்கேதான் உள்ளது. சருகு துளைகளை அடைத்துவிட்டால் நீர்மட்டம் உயர்ந்து, அத்திறப்பின் வழியே உள்ளே இறங்கிவிடும். நீர் தென்படும் இடமும் அது நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதை அன்று அறிந்தேன்.

எனவே, 'எங்கே ஈரம்?' என்பதோடு 'எப்போது ஈரம்?' என்றும் கேட்க வேண்டும். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடியபின் முன்பக்கத் தரை நனைந்தால், ஏசியின் வடிகால் குழாயை ஐயுற வேண்டும். புழுக்கமான நாளில் நெடுநேரம் ஏசி ஓடியும் காருக்கு அடியில் நீர் சொட்டவில்லையெனில், அக்குழாய் அடைபட்டிருக்கக் கூடும். நீர் நிறத்துடனும் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையுடனும் இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்; நஞ்சு என்பதால் உடனே கவனிக்க வேண்டும்.

மழைநாளில் மட்டும் நனைந்தால் வழிகள் பல. கதவுக் கண்ணாடியின் ஓரமாகக் கதவுக்குள் நீர் இறங்குவது இயல்பே. அது கதவின் அடித்துளைகள் வழியே வெளியேறிவிடும். துளை அடைபட்டாலோ, ஸ்பீக்கர் பொருத்தும்போது உட்புறப் பிளாஸ்டிக் தாள் பிரிந்தாலோ காருக்குள் கசியும். டிக்கி நனைந்தால் பின்விளக்குகளைச் சுற்றிய ரப்பரையும், மேற்கூரையில் திறக்கும் கண்ணாடி இருந்தால் அதன் மூலைகளிலுள்ள வடிகுழாய்களையும் பார்க்க வேண்டும்.

இவற்றுள் எது காரணம் என்று அறிவது எப்படி? பொருளியல் வகுப்புகளில், 'பிற காரணிகள் மாறாதிருந்தால்' என்ற தொடரைப் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அதே முறைதான் இங்கும். மிதியடிகளை அகற்றித் தரையை உலர்த்திச் செய்தித்தாள் விரிக்க வேண்டும். ஒருவர் டார்ச் விளக்குடன் உள்ளே அமர, மற்றொருவர் வெளியிலிருந்து குழாய்நீரை மெதுவாக விட வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஓரிடத்தில் சில நிமிடங்கள் விட்டு, பின்னரே மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடங்களும் ஒரே நேரத்தில் நனைந்து, காரணம் மறைந்துவிடும்.

'சிறு ஈரம்தானே' என்று விடுவது ஆபத்து. விரிப்பின் அடியிலுள்ள பஞ்சு, மேற்பரப்பு காய்ந்தபின்னும் நீரைத் தேக்கி வைத்திருக்கும். பூஞ்சை படரும், ஆஸ்துமா உள்ளவர்களை அது வாட்டும். தரைத்தகடு துருப்பிடிக்கும். பல கார்களில் மின்கம்பி இணைப்புகள் விரிப்பின் அடியில் செல்கின்றன. ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியும் தரையை ஒட்டியே இருக்கிறது. தேய்மானத்தால் நேரும் இழப்பை வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே, கசிவை அடைத்தால் மட்டும் போதாது. விரிப்பைத் தூக்கிப் பஞ்சையும் முழுமையாக உலர்த்த வேண்டும்.

என் கையிலிருந்த இரு ரசீதுகளிலும் மாற்றிய, பூசிய பொருள்களின் பெயர்கள் இருந்தன. கசிவின் காரணம் இல்லை. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை எவ்வாறு சீர்குலைகிறது என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கியபோது, அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார்ச் சந்தை. 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பழுதுபார்ப்பிலும் அதே அறிவு இடைவெளி உண்டு. ஆனால், பழியைப் பணிமனையின்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. மாற்றிய பொருளுக்குத் தயங்காமல் பணம் தரும் நாம், ஒரு மணி நேரம் குனிந்து காரணத்தைத் தேடும் உழைப்புக்கு விலை தர மறுக்கிறோம். விலையில்லாத உழைப்பு சந்தையில் எப்படிக் கிடைக்கும்?

எனவே, 'முதலில் காரணத்தைக் காட்டுங்கள். அதற்குரிய கூலியைத் தருகிறேன். பிறகு பொருளை மாற்றலாம்' என்று கேட்கப் பழகுவோம். தெருமுனை மெக்கானிக் கேட்டது சிறு தொகை. நான் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தபோது, 'குப்பையை எடுத்ததற்கு இவ்வளவா சார்?' என்று தயங்கினார். குப்பை எங்கே இருக்கிறது என்று கண்டதற்கு என்றேன். இப்போது புரட்டாசி பிறந்ததும் அந்தப் பிளாஸ்டிக் மூடியை நானே கழற்றிச் சருகை அள்ளிவிடுகிறேன். அதற்குக் கால் மணி நேரம் போதும்.