புது ஹாமுக்கு யார் பதில் சொல்வது?

ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலிக்கு அரசு தரும் லைசென்ஸுக்கான தேர்வில் மின்னியல், வானொலி அலைகள், விதிமுறைகள் என்று எல்லாம் கேட்பார்கள். தேறியவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். அவர் ‘சிக்யூ, சிக்யூ’ என்று பொது அழைப்பு விடுக்கும்போது மறுமுனையில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே, அவரை எந்த அரசாலும் தர முடியாது. பதில் சொல்லும் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் இதில் ஊறிப்போன மூத்தவர். கூப்பிடுவது புது ஆள் என்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அமெரிக்காவில் அழைப்புக்குறிகளை வரிசையாக வழங்குவதால், எழுத்துகளை வைத்தே எந்தக் காலத்து லைசென்ஸ் என்று ஊகிக்கலாம். இந்தியாவில் ‘வியூ3’ என்ற தொடக்கம் பெரும்பாலும் ஆரம்ப நிலையைக் காட்டிக்கொடுக்கும். புதியவர்களைக் கண்டிப்பாக வடிகட்டினால்தான் தரம் நிற்கும் என்று மூத்தவர்களில் ஒரு சாரார் நம்புகிறார்கள். நூறாண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால், பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான் தரம் நின்றிருக்கிறது என்று தோன்றுகிறது.

கண்டிப்புக்கும் நீண்ட மரபு உண்டு, அதை மறுப்பதற்கில்லை. 1914-ல் அமெரிக்க ரேடியோ ரிலே லீகை நிறுவிய ஹைரம் பெர்சி மாக்சிம், அதன் ‘க்யூஎஸ்டி’ இதழில் ‘தி ஓல்ட் மேன்’ என்ற புனைபெயரில் அலைவரிசை அலங்கோலங்களை வாரு வாரென்று வாரினார். ஒழுங்கில்லாதவர்களை வழிக்குக் கொண்டுவர ‘வூஃப் ஹாங்’ என்றொரு சித்திரவதைக் கருவி இருப்பதாகவும் கதை கட்டினார். கடைசியில் மரத்துண்டுகளும் கம்பியுமாக அப்படி ஒன்று லீகின் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது! எழுதியவர் மாக்சிம்தான் என்பது 1936-ல் அவர் மறைந்த பிறகே வாசகர்களுக்குத் தெரிந்தது. அவர் ஏசிய ஏச்சில் சிரிப்பு இருந்தது. ஏசியவரே அந்தச் சங்கத்தைக் கட்டியும் கொடுத்தார். பின்னால் வந்தவர்களில் சிலர் ஏச்சை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வடிகட்டலை ஆதரிப்பவர்களின் வாதத்தை உரசிப் பார்க்க மோர்ஸ் விவகாரத்தைவிடப் பொருத்தமான உரைகல் கிடையாது. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது கண்டம் விட்டுக் கண்டம் பேச உதவும் சிற்றலைகளில் இயங்க மோர்ஸ் குறியீடு தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒரு காலத்தில் சர்வதேச விதியாக இருந்தது. அமெரிக்கத் தேர்வுகளில் நிலைக்கு ஏற்ப நிமிடத்துக்கு 5, 13, 20 சொல் என்று வேகம் கேட்டார்கள். 1991-ல் அங்கே டெக்னீஷியன் என்ற லைசென்ஸ் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை என்றானது. 2003-ல் உலக வானொலி மாநாடு கட்டாயத்தைத் தளர்த்த, 2007 பிப்ரவரியில் அமெரிக்கா மோர்ஸ் தேர்வையே கைவிட்டது. இப்படி வந்தவர்களை ‘நோ-கோட்’ என்று இளக்காரமாகக் குறிப்பிட்டவர்கள் உண்டு. மோர்ஸ் செத்துவிடும், லாரிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்த சிட்டிசன்ஸ் பேண்ட் மாதிரி ஹாம் ரேடியோவும் ஆகிவிடும் என்று புலம்பினார்கள். நடந்ததோ வேறு. 2010-ல் தொடங்கிய ‘சிடபிள்யூஆப்ஸ்’ என்ற சங்கத்தின் தன்னார்வலர்கள் இணையவழியே காசு வாங்காமல் மோர்ஸ் கற்றுத் தருகிறார்கள். தேர்வுக்காக உருப்போட வேண்டிய அவசியமே இல்லாதவர்கள் விரும்பி வந்து படிக்கிறார்கள். அமெரிக்காவில் லைசென்ஸ் எண்ணிக்கையும் 7 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. இந்த எண்ணிக்கையை வைத்து ரொம்பவும் மார்தட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே லைசென்ஸ் 10 ஆண்டுக்குச் செல்லும். முதல் மாதமே வாயடைத்துப்போய் ரேடியோவைப் பரணில் போட்டவரும் அந்தக் கணக்கில்தான் இருப்பார்.

அலைவரிசை பொதுச் சொத்து, ஒருவர் செய்யும் தப்பு ஊர் காதையெல்லாம் அடைக்கும், சும்மா விடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஹாம்கள் தினமும் கேட்கிற ஒரு காட்சியையே பார்க்கலாம். அரிதான ஒரு தீவிலிருந்து யாரோ ஒலிபரப்புகிறார். உலகமே அவரைப் பிடிக்க முண்டியடிக்கிறது. நெரிசலைச் சமாளிக்க அவர் ஓர் அலைவரிசையில் பேசி, சில கிலோஹெர்ட்ஸ் மேலே காது கொடுக்கிறார். ‘ஸ்ப்ளிட்’ பொத்தானை அழுத்த மறந்த புதியவர் ஒருவர் அந்தத் தீவுக்காரர் பேசும் இடத்திலேயே தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிடுகிறார். இரண்டு மூன்று வினாடித் தொந்தரவு, அவ்வளவுதான். உடனே நாலா பக்கமிருந்தும் ‘அப்! அப்! அப்!’, அதாவது மேலே போ, என்று அதே அலைவரிசையில் கூச்சல். நடுவில் ‘லிட்’ என்று வசவு. மோசமான ஆபரேட்டரைத் திட்டும் சொல் அது. பிறகு வசவுக்குப் பதில் வசவு. அதற்குள் தீவுக்காரர் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே கேட்காமல் போய்விடும். தப்பைவிடத் திருத்தம்தான் நீளமாக இருக்கிறது. சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கையேடே, இப்படிப் போலீஸ் வேலை பார்க்காதீர்கள் என்கிறது. இதைச் சொல்லியிருப்பவர்கள் கண்டிப்பு தெரியாதவர்கள் அல்லர், இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

‘எனக்கு யாரும் ஊட்டிவிடவில்லை, நானே தட்டுத் தடுமாறிக் கற்றேன்’ என்பது இன்னொரு வாதம். இது பாதி உண்மை. 1951-ல் அமெரிக்கா கொண்டுவந்த நாவிஸ் லைசென்ஸைப் பாருங்கள். 5 சொல் வேகம், 75 வாட் சக்தி, ஓராண்டுதான் ஆயுள், புதுப்பிக்க முடியாது. தடுமாறுவதற்கென்றே சட்டம் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தது. அங்கேயும், அழைப்பவர் எந்த வேகத்தில் தட்டுகிறாரோ அந்த வேகத்துக்கு இறங்கிப் பதில் தட்டுவதுதான் மரியாதை. எதிரே இருப்பவர் ‘க்யூஆர்எஸ்’, அதாவது மெதுவாக அனுப்பு, என்று கேட்டதும் 25 சொல் வேகம் கைவந்தவர் நிதானித்தால்தான் உரையாடலே சாத்தியம். இப்படிக் கைகொடுக்கும் மூத்தவரை ஹாம்கள் ‘எல்மர்’ என்கிறார்கள். 1971-ல் க்யூஎஸ்டி பத்தி ஒன்றில் எல்மர் ஃப்ரோஹார்ட் என்ற ஹாமை நினைவுகூர்ந்ததிலிருந்து நிலைத்த பெயர் அது. தனியாகக் கற்றதாகச் சொல்பவர்களில் பலருக்கும் இப்படி யாரோ ஒருவர் நிதானித்துப் பதில் தட்டியிருப்பார்.

கையேட்டைப் படி, கேள்வி கேட்காதே என்று விரட்டுவதில் ஆபத்தும் இருக்கிறது. வால்வு வைத்த பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம். பழைய பெட்டியைக் கைமாற்றாக வாங்கியவரிடம் கையேடே இருக்காது. மூடியைக் கழற்றலாமா, எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏரியல் கேபிளைப் பற்றி முந்தின வாரம் கேட்ட கேள்விக்கு நக்கல் சிரிப்பு வாங்கியவர் இதைக் கேட்க மாட்டார். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு தானே திறந்து பார்ப்பார்.