தேன் விலையும் தேனீ நோயும்
பெட்டி வாங்குமுன் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாருக்குப் புளி, பருப்பு, நிலக்கடலை என மூட்டை ஏற்றி வரும் விவசாயிக்கு அன்றைய விலை என்னவென்று ஓரளவு தெரியும். அதே விவசாயி தோட்டத்துத் தேனை நாலு பாட்டிலில் கொண்டு வந்தால் கதை வேறு. கடைக்காரர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், சாய்த்துப் பார்ப்பார். "இதைவிடக் குறைந்த விலைக்குக் கம்பெனித் தேன் வருகிறதே!" என்பார். பேரம் அங்கேயே படுத்துவிடும்.

தேனுக்கு நியாயமான விலை கிடைக்கவில்லை என்ற குறை உண்மையானதுதான். ஆனால் தேனீ வளர்ப்போரை விலை வீழ்ச்சியைவிடப் பெரிதாக அடிக்கக் கூடியது ஒன்று உண்டு. அதுதான் நோய். இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்ப்பது அவசியம்.

விலை ஏன் இறங்குகிறது?

சர்க்கரைப் பாகு கலந்த தேன் சந்தையில் மலிவாகக் கிடைப்பது முக்கியக் காரணம். டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 நிறுவனங்களின் 22 தேன் மாதிரிகளில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 5 மட்டுமே. பாகை உற்பத்தி செய்ய மரமும் வேண்டாம், பூவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம். அதோடு நம் தேன் விலையில் போட்டி போட முடியுமா?

ஏற்றுமதியிலும் இதே கதைதான். மிக மலிவாகத் தேன் வெளியே போவதைத் தடுக்க, டன் ஒன்றுக்கு 2000 டாலருக்குக் குறைவாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் விதித்தது. அன்றைய மதிப்பில் அது கிலோவுக்குச் சுமார் 165 ரூபாய்தான்.

ஒரு சிறு கணக்கு

தென்னையும் புளியும் வேம்பும் உள்ள தோட்டத்தில், நன்கு பராமரித்த இந்தியத் தேனீப் பெட்டி ஒன்று ஆண்டுக்கு 6 முதல் 8 கிலோ தேன் தரும். 7 கிலோ என்றே கொள்வோம். கிலோ 300 ரூபாய்க்குப் போவதாக ஒரு கணக்குக்கு வைத்துக் கொண்டால் வரவு 2100 ரூபாய். விலை 200 ரூபாய்க்கு இறங்கினால் 1400 ரூபாய். நஷ்டம் 700 ரூபாய்.

நோய் வந்து கூட்டமே அழிந்தால்? 2100 ரூபாயும் போகும்; புதுக் கூட்டம் வாங்கப் பணமும் வேண்டும். அடுத்த பருவமும் கைநழுவிப் போகும். பூசணி, சுரை, சூரியகாந்தி முதலிய பயிர்களில் காய்ப்பிடிப்பும் மணிப்பிடிப்பும் குறையும். விலை வீழ்ச்சி வருமானத்தில் ஒரு பங்கைத்தான் தின்னும். நோயோ முதலையே தின்றுவிடும்.

தென்னாடு கண்ட பேரழிவு

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தாய்லாந்தில் 1976-ல் காணப்பட்ட "தாய் சாக்புரூட்" என்னும் வைரஸ் நோய், 1978-ல் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியில் தென்பட்டது. 1991-92-ல் தென் மாநிலங்களைத் தாக்கியது. கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றிலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. தேனீ வளர்ப்புக்குப் பெயர்போன மார்த்தாண்டம் பகுதியும் தப்பவில்லை. நேற்றுவரை இரைச்சலாக இருந்த பெட்டிகள் வெறும் பலகையாயின. தேனை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு வேலை தேடிப் போக நேர்ந்தது.

பின்னர் நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூட்டங்களிலிருந்தே மறுபடியும் கூட்டங்கள் பெருகின. ஆனால் அந்த வைரஸ் நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. அவ்வப்போது, அங்கங்கே தலைகாட்டிக் கொண்டுதான் இருக்கிறது.

நோயை எப்படி அறிவது?

வாரம் ஒருமுறை புழு அறைச் சட்டங்களை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஆரோக்கியமான அடையில் மூடிய அறைகள் இடைவெளியின்றி வரிசையாக இருக்கும். நோய் கண்ட அடையில் மூடியதும் மூடாததுமாக அறைகள் சிதறிக் கிடக்கும். சில மூடிகளில் ஓட்டை இருக்கும்.

புழு கூட்டுப்புழுவாக மாறும் தறுவாயில் இறக்கும். அறைக்குள் மல்லாந்து நீண்டு, தலைப்பக்கம் படகின் முனைபோல மேலே தூக்கியிருக்கும். குச்சியால் மெல்ல எடுத்தால் தோல் கிழியாமல், நீர் நிரம்பிய சிறு பை போல வரும். வெண்மையாக இருந்த புழு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் காய்ந்துவிடும். நாற்றம் இராது.

புளிப்பு வாடை வீசி, அறைகள் மூடப்படுமுன்பே புழுக்கள் சுருண்ட நிலையில் மஞ்சளித்து இறந்தால், அது பாக்டீரியாவால் வரும் ஐரோப்பிய புழு அழுகல் நோயாக இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மருந்து உண்டா?

வைரஸ் நோய்க்கு மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் தூளைப் பாகில் கலந்து வைப்பதால் பயன் எதுவும் இல்லை; மருந்தின் மிச்சம் தேனில் தங்கிவிடுவதுதான் மிச்சம். இத்தகைய மிச்சங்கள் பற்றிய கண்காணிப்பு போதாது என்றுதான் ஐரோப்பிய நாடுகள் 2010-ல் இந்தியத் தேன் இறக்குமதியை நிறுத்தி வைத்தன.

செய்யத்தக்கவை இவை:

1. நோய் கண்ட பெட்டியைத் தனியே ஒதுக்குங்கள். அதன் சட்டங்களை வேறு பெட்டியில் வைக்காதீர்கள். அதைத் தொட்ட கை, கத்தி, புகைப்பான் ஆகியவற்றைக் கழுவாமல் அடுத்த பெட்டிக்குப் போகாதீர்கள்.

2. ராணித் தேனீயைக் கூண்டில் அடைத்து, 10 முதல் 12 நாட்களுக்கு முட்டையிடாமல் தடுங்கள். புதுப் புழு இல்லாவிட்டால் வைரஸ் பெருக இடமில்லை. இதற்குள் தேனீக்கள் அறைகளைச் சுத்தம் செய்துவிடும்.

3. புழு செத்துக் கிடக்கும் அடைகளை அகற்றி எரித்துவிடுங்கள். காலிப் பெட்டியைச் சோடா உப்புக் கரைசலில் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

4. பூ இல்லாத மழை மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகு கொடுங்கள். கடையில் வாங்கிய தேனை ஒருபோதும் தீவனமாக வைக்காதீர்கள். நோய் அதன்மூலமும் வரலாம். பாகு வைக்கும் காலத்தில் தேன் எடுக்கக் கூடாது.

5. நோய் வந்தும் தாங்கி நின்ற கூட்டத்தை விற்றுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு கூட்டம் பிரிக்க அதுவே விதை.

வாங்கும்போது எச்சரிக்கை

நோய் பெரும்பாலும் நாமே கூலி கொடுத்து வண்டியில் ஏற்றி வருவதுதான். தேனுக்கு நல்ல விலை என்ற பேச்சு கிளம்பினால், வெளியூரிலிருந்து பெட்டி பெட்டியாகக் கூட்டம் வாங்குகிறோம். விலை இறங்கினால் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். கவனிப்பாரற்ற பெட்டி வலுவிழந்து நோய்க்கும் மெழுகு அந்துப்பூச்சிக்கும் வீடாகிறது. ஏமாற்றம் ஒருவருக்கு என்றாலும் நோய் ஊருக்கே வருகிறது.

ஆகவே மானியத்தில் கிடைத்தாலும் சரி, சொந்தப் பணத்தில் வாங்கினாலும் சரி, சட்டத்தைத் தூக்கிப் புழுவைப் பார்க்காமல் பெட்டியை வாங்காதீர்கள். வாங்கியதைப் பழைய பெட்டிகளுக்குத் தள்ளி ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே அருகில் கொண்டு வாருங்கள். பத்துப் பெட்டி வாங்குவதைவிட இரண்டு பெட்டி வாங்கி நாமே பிரித்துப் பெருக்குவது நல்லது.

"இத்தாலியத் தேனீக்கு இந்த நோய் இல்லையே?" என்று சிலர் கேட்கலாம். அதற்குச் சாக்புரூட் தொல்லை குறைவுதான். ஆனால் வரோவா என்னும் உண்ணி அதை வெகுவாகத் தாக்கும். தேனும் பெருமளவு கிடைக்கும். பூவைத் தேடி ஊர் ஊராகப் பெட்டியை நகர்த்தும் செலவும் உண்டு. சிறு விவசாயிக்கு நாட்டுத் தேனீயே கைக்கு அடக்கம்.

விற்பனையில் ஒரு வார்த்தை

முக்கால் பங்கு அறைகள் மெழுகால் மூடிய பிறகே அடையை எடுங்கள். அவசரப்பட்டு எடுத்த தேனில் ஈரம் மிகுந்து புளித்துப் போகும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கையால் பிழியாமல் கருவியில் சுற்றி எடுத்தால் தேனும் தெளிவாக இருக்கும், அடையும் மிஞ்சும். உறைந்த தேன் கலப்படம் என்பது தவறான எண்ணம். இதை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரே ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, பூவின் பெயரும் எடுத்த மாதமும் எழுதிய சீட்டு ஒட்டி, தெரிந்த குடும்பங்களுக்கு நேரே விற்றால் கடைவீதிப் பேரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெட்டியில் சந்தேகம் தோன்றினால் சேலம் மாவட்டத்தார் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாமக்கல் மாவட்டத்தார் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் உடனே அணுகலாம். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். தேனீக்கு வேலி தெரியாது, நோய்க்கும் தெரியாது.

தேன் விலை நம் கையில் இல்லை. பெட்டியின் மூடி நம் கையில் இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பவருக்கு, விலை ஏறும் நாளில் விற்கத் தேன் இருக்கும்.