வண்டி பழுதா? பில் கையில இருக்கா?



போன மாதம் மணியாச்சி கூட்டத்தில் கடன் வசூல் எல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு அக்கா எழுந்து நின்றார். குழுக் கடனோடு பைனான்ஸும் போட்டு புது லோடு ஆட்டோ வாங்கியிருக்கிறார். அவரேதான் ஓட்டுகிறார். மிளகாய், மல்லி மூட்டைகளை கோவில்பட்டிக்கு ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. வாங்கிய மூன்றாவது வாரத்திலிருந்தே பாரத்தோடு போனால் வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. மூன்று தடவை சர்வீசுக்கு விட்டும் அதே கதைதான். கடைசியில் கடையில், "நீங்க வியாபாரத்துக்கு வாங்கின வண்டிம்மா, நுகர்வோர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"வண்டி நிக்குது, தவணை நிக்கலையே" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் யாருக்கும் பதில் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னதைப் பார்ப்போம். அதில் பாதிதான் உண்மை. லாபத்துக்கான வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் கிடையாதுதான். ஆனால் நாமே உழைத்துப் பிழைப்பதற்காக வாங்கிய பொருள் அந்தக் கணக்கில் வராது. 1986 சட்டத்தில் 1993-ல் இதைச் சேர்த்தார்கள். இப்போது நடப்பில் உள்ள 2019 சட்டத்திலும் இது இருக்கிறது.

இதற்கு விளக்கம் தந்ததே நம்ம கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்குதான். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கு. 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த நிறுவனம் வியாபாரத்துக்கு வாங்கியது என்பதால் தோற்றுவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதிகள் ஆட்டோவையே உதாரணம் காட்டினார்கள். பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான். வண்டியை முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்கென்றே வாங்கினால் மட்டும் கிடையாது. தையல் மெஷின், மாவு மெஷின் வாங்கி நாமே ஓட்டினாலும் இதே நியாயம்தான்.

அடுத்து, "புது வண்டியே மாத்தித் தருவாங்களா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போதும் அப்படி எதிர்பார்க்க வேண்டாம். காஷ்மீர் பக்கம் ஒருவர் வாங்கிய மாருதி கார் வழக்கில், வாரண்டியில் எழுதியபடி பழுதான பாகத்தை மாற்றினால் போதும், முழுக் காரையும் மாற்ற வேண்டியதில்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வாரண்டி புத்தகத்தை பீரோவில் பூட்டி வைக்காமல், படிக்கிற பிள்ளையை விட்டு ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திரும்பத் திரும்ப அதே பழுது வருகிறது என்று காட்டினால்தான் நம்ம பக்கம் பலம் கூடும். அதைக் காட்டுவது வாய்ப்பேச்சு இல்லை, ஜாப் கார்டுதான். ஒவ்வொரு தடவை வண்டியை விடும்போதும் என்ன குறை என்பதைத் தேதியோடு எழுதி வாங்க வேண்டும். "எல்லாம் சரி பண்ணியாச்சு" என்ற தாளில் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டு வேண்டாம் என்பது வேறு சங்கதி. மனசு மாறியதற்காகப் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று பொதுவான சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. புக்கிங் பாரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் சொன்ன தேதியில் வண்டி தராமல் இழுத்தடித்தால் பணத்தைத் திருப்பிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் 2019 சட்டப்படி நேர்மையற்ற வணிகம்தான்.

முதலில் 1915 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். கடைக்கும் கம்பெனிக்கும், கிடைத்ததற்கான சான்று வரும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனி சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மணியாச்சி ஜங்ஷனில் ரயில் ஏறினால் தூத்துக்குடிதானே! வாங்கிய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். பிரச்சினை வந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். 3 முதல் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் கூடவே இழுக்கும். அதுவரை தவணையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிவிட்டால் நம்ம சாட்சியே போய்விடும்.

அந்த அக்காவிடம் மூன்று ஜாப் கார்டில் இரண்டுதான் இருந்தது. மூன்றாவதன் நகலை எழுதிக் கேட்க வருகிற செவ்வாய்க்கிழமை நாமும் அவருடன் போகிறோம். இதுபோல வண்டியோ மெஷினோ வாங்கி அவதிப்படுகிறவர்கள் பில், வாரண்டி எல்லாவற்றையும் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள்.