தொகுதி போச்சு... கால்வாய் வந்துச்சு!

சாத்தான்குளத்து டீக்கடையில் உட்கார்ந்து, ‘உங்க தொகுதிக்கு எம்.எல்.ஏ யாரு அண்ணாச்சி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘சாத்தான்குளம் தொகுதியே இல்லங்கேன், எம்.எல்.ஏ-வுக்கு எங்க போவ தம்பி?’ என்று பதில் வந்தால், கேலி என்று நினைத்துவிடாதீர்கள். நிஜம்!

2003 பிப்ரவரியில் இந்த ஊர் இருந்த இருப்பே வேறு. உறுப்பினர் மறைந்ததால் இடைத்தேர்தல். சென்னைக் கோட்டையையே பெயர்த்துக்கொண்டு வந்ததுபோல அமைச்சர்கள் முகாமிட்டார்கள். பனைமரத்தையும் உடைமரத்தையும் மட்டுமே பார்த்திருந்த செம்மண் தேரியில், திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை வேட்டி. ஆளுங்கட்சி ஜெயித்தது. கார்கள் கிளம்பின, புழுதி அடங்கியது.

2008-ல் தொகுதி மறுவரையறை. சட்டமன்றத்தில் 234 நாற்காலி அப்படியே இருக்க, சாத்தான்குளம் பெயர் காணாமல் போனது. 2011 தேர்தலில் ஊர் ஸ்ரீவைகுண்டம் தொகுதியோடு சேர்ந்துகொண்டது. ‘ஐயோ, தொகுதி போச்சே’ என்று பனை அழவில்லை; முருங்கை காய்ப்பதை நிறுத்தவில்லை. 1986-ல் மேலவையையே கலைத்தார்களே, அதனால் உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றதா என்ன?

தண்ணீர் என்றதும்தான் வேடிக்கையே. தொகுதிக்கு ஓலை வந்த மறு வருஷம், 2009-ல், தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குப் போகும் வெள்ள நீரை, வெள்ளாங்குழியிலிருந்து சாத்தான்குளம் பக்கம் எம்.எல்.தேரி வரை சுமார் 75 கிலோமீட்டர் கொண்டுவரும் கால்வாய். தொகுதி இருந்த காலமெல்லாம் வராத கால்வாய், அது போகிற நேரத்தில் வந்தது!

அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். 369 கோடி ரூபாய் என்று போட்ட கணக்கு ஆயிரம் கோடியைத் தாண்டி, திறப்பு விழா நடந்தபோது 2025 பிப்ரவரி. இடையில் மூன்று சட்டமன்றத் தேர்தல்கள். ‘எங்க ஊர்க் கால்வாய் என்னாச்சு?’ என்று சபையில் தினமும் எழுந்து நச்சரிக்க, இந்த ஊருக்கென்றே ஓர் ஆள் இருந்திருந்தால் 16 வருஷம் ஆகியிருக்குமா? எம்.எல்.ஏ எதற்கு என்று கேட்கிற வாய், இந்த இடத்தில் கொஞ்சம் மூடிக்கொள்கிறது. சட்டம் இயற்றுவதைவிட, நச்சரிப்பதுதான் அவர் உத்தியோகமோ?

வெள்ளம் வந்தால்தான் கால்வாயில் தண்ணீர். தேர்தல் வந்தால்தான் தெருவில் அமைச்சர். ஒரே வித்தியாசம்... வெள்ளத்துக்கு ஐந்து வருஷக் கணக்கு கிடையாது!