கூடத்தில் ஒரு குறுங்கடல்

தங்கமீனும் கப்பி மீனும் வளர்ப்பது நம் இல்லங்களிற் பழகிப்போன விடயம். கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கிக் கிணற்று நீரை நிரப்பி, நாலு நீர்க்கொடிகளை நட்டு, காலையும் மாலையும் ஒரு சிட்டிகை உணவு தூவினால் அவை எப்படியோ பிழைத்துக்கொள்கின்றன. ஆனால், முருகைக்கற்பாறையின் ஒரு சிறு மூலையை, அதன் மீன்களோடும் இறால்களோடும் பூப்போல் விரிந்து சுருங்கும் உயிர்களோடும், வீட்டுக் கூடத்திலே வைத்துப் பார்க்கவேண்டுமென்ற ஆசை ஒருவரைப் பற்றிக்கொண்டால், அவர் தங்கமீனுக்குச் செய்ததையெல்லாம் மறந்துவிட்டுத் தொடக்கத்திலிருந்தே பயிலவேண்டும்.

இந்த ஆசைக்கு வயது அதிகம். சிசிலித் தீவில் வாழ்ந்த ழான் வில்ப்றோ-பவர் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, 1832ஆம் ஆண்டளவிலேயே கண்ணாடித் தொட்டிகளிற் கடலுயிர்களை உயிரோடு வைத்து ஆராய்ந்தார். 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்களுக்கெனத் தனிக்கூடம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் என்பவர் எழுதிய நூல், ஆங்கிலேயரின் இல்லங்களில் எல்லாம் கடற்றொட்டி மோகத்தைக் கிளப்பிவிட்டது. மக்கள் கூடைகளையும் சாடிகளையும் தூக்கிக்கொண்டு கடற்கரைகளை மொய்த்தனர். டெவன் கரையோரத்துப் பாறைக்குழிகள் வெறுமையாகிப்போனதைக் கொஸ் கண்ணாரக் கண்டார் என்று, அவருடைய மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளிவந்த தம் நூலில் மனம் வருந்தி எழுதியுள்ளார். அழகை நேசித்தவர்களே அதனை அழித்துவிட்டார்கள். கடற்றொட்டி வைக்க எண்ணும் எவரும் இந்தக் கதையை மனத்தில் இருத்துவது நன்று.

முருகை என்பது கல்லன்று, செடியுமன்று. அது விலங்கு. நுனிவிரலினும் சிறிய குழாய் போன்ற உடலும், வாயைச் சுற்றி மெல்லிய பரிசக்கொம்புகளும் உடைய உயிர்கள் ஆயிரக்கணக்கிற் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் தசையினுள்ளே கண்ணுக்குத் தெரியாத அல்காக்கள் குடியிருக்கின்றன. அல்கா சூரியவொளியில் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிறது; வீட்டுக்காரன் இடமும் காபனீரொட்சைட்டும் கொடுக்கிறான். நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்த உறவு முறிந்து, அல்கா வெளியேற, முருகை வெளிறிப்போகிறது. 1998இலும் 2016இலும் நம் நாட்டுக் கடல்களில் நிகழ்ந்தது அதுவே. பெருங்கடலுக்கே தாங்கமுடியாத அந்த வெப்பம் சில வாளி நீர்கொண்ட தொட்டியில் ஒரே பகலில் ஏறிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆகவே தொட்டியின் அளவிலே கஞ்சத்தனம் கூடாது. மேசைமேல் வைக்கத்தக்க சின்னஞ்சிறு தொட்டிகளைக் கடைகளிற் காண்கின்றோம். பார்க்க அழகுதான், ஆயினும் நீர் குறையக் குறையத் தவறுகள் பெருகும். அறுபது சென்றிமீற்றர் நீளமும், நாற்பது அகலமும், நாற்பது உயரமும் கொண்ட தொட்டியில் 96 லீற்றர் கொள்ளும். புதியவருக்கு இதனிலும் சிறியது வேண்டாமென்பது நம் கருத்து. நீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து நூற்றிருபது கிலோவைத் தாண்டுமாதலால், வீட்டிலுள்ள பழைய அலுமாரியை நம்பி அதன்மேல் ஏற்றிவிடக் கூடாது.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். கடல்நீர் கிலோவொன்றில் ஏறக்குறைய 35 கிறாம் உப்பு உண்டு. அதனைக் கேட்டவுடன், சமையலறை உப்பைக் கரைத்தாற் போதுமே என்று நினைப்பவர் உளர். போதாது. ஆனையிறவு போன்ற உப்பளங்களிற் கடல்நீர் வற்றும்போது சுண்ணச் சத்து முதலிலேயே படிந்துவிடுகிறது. அதன்பின் கறியுப்பு விளைகிறது. மகனீசியம் கடைசிவரை கசப்பு நீரிலே தங்கி, அந்நீரோடு கழிக்கப்படுகிறது. முருகைக்கு வேண்டியவை முன்னும் பின்னும் போய்விட, நடுவிலுள்ளதே நம் உறிக்கு வந்து சேர்கிறது. ஆதலால் கடற்றொட்டிக்கென்றே கலந்து விற்கப்படும் உப்பைத்தான் வாங்கவேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு மூன்று கிலோவுக்குச் சற்று மேல் செல்லும். கரைக்கும் நீரும் தூயதாயிருத்தல் அவசியம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லின் ஊடாக ஊறிவருவது. தோட்டங்களுக்கு இடும் பசளையினால் நைத்திரேற்றும் அதிற் பலவிடங்களில் மிகுந்துள்ளது. குழாய்நீரிற் குளோரீன் உண்டு. செப்புக் குழாய்வழி வந்த நீராயின் இறாலுக்கும் முருகைக்கும் அது நஞ்சு. நுண்சவ்வினூடாக அழுத்தி வடித்த நீரே சிறந்தது.

நீரை நிரப்பியாயிற்று, உப்பும் கரைந்தாயிற்று. இனி மீன் வாங்கலாமா? கூடாது. இந்த இடத்திலேதான் பலருடைய தொட்டி சுடுகாடாகிறது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும். அமோனியா கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியிற் கூறியது அவ்வளவு தீங்கற்றது. வாரந்தோறும் பத்திலொரு பங்கு நீரை மாற்றி அதனைக் குறைத்துக்கொள்ளலாம். இப்பற்றீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு கிழமை தொடக்கம் ஆறு கிழமை வரை செல்லும். அதுவரையும் ஒரு சிறிது அமோனியாவையோ மீனுணவையோ இட்டு, சோதனைத் திரவங்களால் நீரைப் பரிசோதித்துக் காத்திருக்கவேண்டும். அமோனியாவும் நைத்திரைற்றும் முற்றாக மறைந்த பின்னரே முதல் மீன். மீனில்லாத தொட்டியை ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்கு மட்டுமன்று, பெரியவர்களுக்கும் எளிதன்று!

துளைகள் நிறைந்த கல்லே இக்கடற்றொட்டியின் உயிர்நாடி என்பதை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் இந்தோனேசியாவின் லீ சின் எங். உயிர்கள் ஒட்டிய கல்லையும் காற்றுக் குமிழிகளையும் மாத்திரம் கொண்டு முருகையை வாழவைக்கும் முறையை அவர் 1961இல் எழுதி வெளியிட்டார். இன்று நாம் கடலிற் கல்லெடுக்க வேண்டியதில்லை. செய்து விற்கப்படும் உலர்கல்லும் பொறுமையும் இருந்தாற் போதும்.

வெப்பநிலை 25 பாகைக்கும் 27 பாகைக்கும் இடையில் நிற்றல் நலம். கொழும்பிலும் மட்டக்களப்பிலும் சித்திரை மாதத்து வீடு அதற்கு இடந்தராது. பணம் உடையோர் குளிரூட்டி பொருத்துவர். மற்றையோர் நீர்மட்டத்தின்மேல் சிறு விசிறியொன்றை வீசவிட்டு ஓரிரு பாகை தணிக்கலாம். ஆனால் நீர் விரைந்து வற்றும். வற்றுவது நீர்மட்டுமே, உப்பன்று. எனவே நாள்தோறும் ஈடுசெய்வது தூய நன்னீராகவே இருக்கவேண்டும். உப்புநீரையே மேலும் மேலும் ஊற்றினால் தொட்டி உப்பளமாகிவிடும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 2022 பங்குனி முடிவில் நாட்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு நிகழ்ந்ததை யார் மறப்பர்? நீரோட்டம் நின்றாற் சில மணித்தியாலத்துள் ஒட்சிசன் குறைந்து மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளக்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை முதல் மீனுக்கு முன்பே வாங்கி வைத்துவிடவேண்டும். விளக்கு அணைந்திருந்தால் முருகைக்கு ஒரு நாளிற் பெருங்கேடில்லை. மேகமூடிய நாட்கள் கடலிலும் உண்டன்றோ? மின்கம்பிகள் தொட்டியிலிருந்து நேரே செருகிக்கு ஏறாமல், ஒருமுறை கீழே தாழ்ந்து பின் மேலேறுமாறு அமைத்தால், கம்பிவழி வழியும் உப்புநீர் தரையிற் சொட்டிவிடும்.

மீன்களில், வளர்ப்பகத்திற் பொரித்த கோமாளி மீன் இரண்டு போதும். அவை பிறப்பில் ஆணாகவே தொடங்குகின்றன. சோடியில் வலியது பெண்ணாக மாறிவிடுகிறது. நன்கு பேணினாற் பத்தாண்டுக்கு மேலும் வாழும். சுலாவேசிக்கு அண்மையிலுள்ள பங்காய்த் தீவுகளுக்கே உரிய கறுப்பு வெள்ளைக் கோடிட்ட சிறுமீனும் தொட்டிகளில் இனம்பெருக்குவது. அதன் ஆண், முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறக்குறைய ஒரு மாதம் பட்டினியாக வாயிற் சுமந்து காக்கிறது. அந்தத் தந்தையையே வலைபோட்டு அள்ளிச் சென்றதால், 2007இல் அவ்வினம் அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிற் சேர்ந்தது. வளர்ப்பகத்துக் குஞ்சுகளையே கேட்டு வாங்கவேண்டியது இதனாலேயே. வண்ணத்துப்பூச்சி மீன்களை எவ்வளவு அழகாயினும் விட்டுவிடுவது புண்ணியம்; அவற்றுட் பல முருகையையே தின்பவை; தொட்டியில் உண்ண மறுத்துப் பட்டினியால் இறக்கும்.

முருகையிலும், காளான் போன்று விரியும் மென்முருகைகளே முதலில் ஏற்றவை. பொத்தான்களைப்போல் கூட்டமாய் ஒட்டி வளரும் சில இனங்களில் மனிதரைக் கொல்லவல்ல நஞ்சு உண்டு. அவை படிந்த கல்லைக் கொதிநீரிலிட்டுக் கழுவ முயன்ற இல்லங்களில், அந்த ஆவியால் வீட்டார் அனைவரும் நோயுற்றதுண்டு. வெறுங்கையாற் பிடிக்கவேண்டாம், காய்ச்சவே வேண்டாம்.

கடலுக்குச் சென்று ஒரு துண்டு உடைத்து வந்தாலென்ன என்று இளைஞர் சிலர் கேட்கக்கூடும். முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் தடுத்துள்ளது. வன்முருகைகள் வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச் சட்டத்தின் கீழும் வருகின்றன. சட்டத்தை விடுவோம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, சூளைக்கெனக் கல் அகழப்பட்டிருந்த பெரலியப் பகுதியில் அலை வெகுதூரம் உட்புகுந்ததையும், பாறை எஞ்சியிருந்த அயலிடத்தில் அதன் வேகம் தணிந்திருந்ததையும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். உடைத்தெடுத்த துண்டு தொட்டியிற் பிழைப்பதும் அரிது. தொட்டியில் வளர்ந்த தாய்முருகையிலிருந்து நறுக்கிக் கல்லில் ஒட்டிய துண்டங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. நண்பர்கள் தமக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டு. நகத்தளவு துண்டமே ஈராண்டில் உள்ளங்கையளவாகப் பரவிவிடும்.

வெளியூர்ப் பயணம் போகும்போது அயல்வீட்டாரிடம் உணவுப் போத்தலை முழுதாகக் கொடுத்துவிடுவது வழக்கம். பரிவினால் அவர்கள் அள்ளிக் கொட்டிவிடுவர். நாளுக்கொரு சிட்டிகையாகக் காகிதத்திற் பொதிந்து, ஒவ்வொன்றிலும் திகதியை எழுதி வைத்துவிட்டுப் போத்தலை அலுமாரியிற் பூட்டிச் செல்லுங்கள்.