சூரிய ஒளி மட்டும் போதுமா? ஜொகூரை வைத்து ஒரு கணக்கு

சுற்றுச்சூழல் தலைப்பு வந்தாலே, "சூரிய சக்தியைப் பயன்படுத்தினால் பிரச்சினை தீரும்" என்று மாணவர் பலர் எழுதிவிடுகிறார்கள். தீருமா? நம்ம ஜொகூரையே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் இலக்கு. 2023-இல் மத்திய அரசு தேசிய ஆற்றல் மாற்ற வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. 'திறன்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 70 விழுக்காட்டுத் திறன் வேறு. 70 விழுக்காட்டு மின்சாரம் வேறு.

எப்படி? 100 மெகாவாட் சூரிய மின் நிலையம் பகலில்தான் ஓடும். மேகம், மழையெல்லாம் கழித்தால், நம் நாட்டில் அது நாளுக்குச் சுமார் 4 மணி நேரம் முழு வேகத்தில் ஓடியதற்குச் சமம். 100 × 4 = 400 மெகாவாட் மணி. ஆனால், 100 மெகாவாட்டை இடைவிடாமல் இழுக்கும் ஒரு தரவு மையத்துக்கு நாளுக்கு 2,400 மெகாவாட் மணி வேண்டும். ஆறு மடங்கு!

செடெனாக், கூலாய், நூசாஜெயா வட்டாரங்களில் இத்தகைய டேட்டா சென்டர்கள் பெருகி வருகின்றன. ராத்திரியில் மின்சாரம் எங்கிருந்து வரும்? தீபகற்பத்தின் மின்சாரத்தில் நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும்தான் இன்னும் பெரும்பங்கு. பொந்தியான் மாவட்டத்துத் தஞ்சோங் பின்னில் மட்டும் 3,100 மெகாவாட் நிலக்கரி மின் நிலையங்கள் உள்ளன.

அதற்காக முன்னேற்றமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 2024 டிசம்பரில் மலேசியாவிலிருந்து 50 மெகாவாட் பசுமை மின்சாரம் ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்குப் போகத் தொடங்கியது.

அடுத்து, யார் முடிவெடுக்கிறார்கள்? மின்சார உரிமமும் கட்டணமும் மத்திய அரசின் கையில். நிலமும் நீரும் மாநிலத்தின் கையில். அதனால்தான் ஜொகூர் அரசு 2024-இல் ஒரு குழு அமைத்துத் தரவு மைய விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கத் தொடங்கியது. சிலவற்றை நிராகரித்தும் இருக்கிறது.

ஆகவே, கட்டுரையில் இப்படி எழுதிப் பாருங்கள்: "பகல் ஒளியை இரவுக்குச் சேமிக்கும் மின்கலமும், தேவையைக் கட்டுப்படுத்தும் கொள்கையும் சேர்ந்தால்தான் சூரிய சக்தி முழுப் பயன் தரும்."

ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புப் பயிற்சி: மாணவர்கள் வீட்டு மின் கட்டண ரசீதைக் கொண்டு வரட்டும். 1 கிலோவாட் சூரியத் தகடு மாதத்துக்குச் சுமார் 120 கிலோவாட் மணி தரும். அவரவர் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் தேவை? கணக்குப் போட்ட பிறகு கட்டுரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.